போதும் என்று சொல்ல வேண்டியவன்

1

இந்தக் கதை என் யோசனை அல்ல. எழுதச் சொன்னவன் வெலாபி. என் தங்கை கெதிவேயின் கணவனுக்கு அண்ணன். எனக்கு மச்சான் முறை. பதினொரு வருடங்களாக அவனுக்கு இடது கண்ணில் பார்வை கிடையாது.

போன மாதம் எங்கள் ம்சிங்கா மலைப்பகுதியில், துகேலா ஆற்றுப் பாலத்தருகே வாடகை வேனுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ரேடியோவுக்கு நாடகம் எழுதுறியாமே மச்சான்?"

"அப்பப்ப."

"எல்லாம் பொய்தானே?"

"பொய்தான்."

"நிஜமா ஒண்ணு எழுதேன். கெதிவே கல்யாணத்துக் கம்புச் சண்டைய எழுது. கண்ணு எப்படிப் போச்சுன்னு எம் பொண்ணு கேக்குறா. நான் சொன்னா தோத்தவன் பேச்சு. நீதான் தலைவனா நின்னே. பாத்தத எழுது. மாசக் கடைசி ஞாயித்துக்கெழம வந்து படிச்சுக் காட்டு."

[இந்த இடத்தில் 'அவனுடைய ஒற்றைக் கண் என்னை ஊடுருவியது' என்று ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன். அவன் வேன் வருகிறதா என்று சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.]

2

தொடக்கம் ஒன்று: 'செப்டம்பர்க் காற்றில் ம்சிங்காக் குன்றுகளின் கற்றாழைகள் ஈட்டி ஏந்திய வீரர்களைப் போல—'

வேண்டாம். கற்றாழைக்கு இந்தக் கதையில் வேலையில்லை.

தொடக்கம் இரண்டு: 'கல்யாணம் என்றால் இரண்டு வீட்டு ஆண்களும் கம்பெடுப்பார்கள். வலக்கையில் அடிக்கும் கம்பு. இடக்கையில் தடுக்கும் கம்பு. அதைப் பிடித்த விரல்களுக்கு மறைப்பாகச் சின்ன மாட்டுத்தோல் கேடயம். தடுக்கும் கம்புதான் நீளம். குத்தக் கூடாது. விழுந்தவனை அடிக்கக் கூடாது. இரத்தம் தெரிந்தால் நிறுத்த வேண்டும். எவன் கை ஓங்கியிருக்கிறதோ அவன் பக்கத்துத் தலைவன்தான் "போதும்" என்று கத்த வேண்டும். தன் ஆளைத் தான்தான் அடக்க வேண்டும். ஜெயித்தவன் தோற்றவனை ஓடைக்குக் கூட்டிப்போய், காயத்தைத் தன் கையால் கழுவ வேண்டும். அத்தோடு பகை—'

அத்தோடு பகை முடிந்தது என்று எழுத வந்தேன். கை நின்றுவிட்டது. ஏன் என்று நான்காம் பகுதியில் சொல்கிறேன். சொல்வேன் என்று நினைக்கிறேன்.

தொடக்கம் மூன்று: 'டுமெஸ்வேனி அன்று காலையிலிருந்தே குடித்திருந்தான்.'

நல்ல வரி. வேகமாக ஓடும். ஆனால் அவன் அன்று சோளக் கள்ளின் வாசனையைக்கூடப் பிடிக்கவில்லை.

3

டுமெஸ்வேனி என் சித்தப்பா மகன். வெலாபியை அடித்தவன் அவன்தான்.

நானும் டுமேயும் ஆடு மேய்த்த நாளிலிருந்து சேர்ந்து கம்பு பழகியவர்கள். இடக்கையைத் தோள் உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்போம். முதலில் இறக்குகிறவன் மற்றவன் ஆடுகளையும் சேர்த்து ஓட்டிவர வேண்டும். அநேகமாக நான்தான் ஓட்டிவருவேன். "கம்பப் பாக்காத அண்ணே, முழங்கையப் பாரு. கம்பு இந்தப் பக்கம் வர்ற மாதிரி ஏமாத்தும். முழங்கைக்கு ஏமாத்தத் தெரியாது" என்பான். நாலு அடியைத் தடுத்த பிறகே ஓர் அடி திருப்பித் தருவான். பார்க்கிறவர்களுக்குப் பொறுமை போய்விடும். "டேய், நீ சண்டைக்கு வந்தியா, காவலுக்கு வந்தியா?"

அவனை என்னால் எழுத முடியவில்லை. முதல் வரைவில் குடிக்க வைத்தேன். இரண்டாவதில் ஒரு பெண்ணை நடுவில் கொண்டுவந்து வெலாபிமேல் பொறாமைப்பட வைத்தேன். மூன்றாவதில் 'உன் கண்ணத் தோண்டுறேன்டா' என்று கத்த வைத்தேன். எதுவும் ஒட்டவில்லை. நான் சொன்னபடி கெட்டுப்போக மறுக்கிறான்.*

(* நாடகம் எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். ஒரு பாத்திரம் இப்படி அடம்பிடித்தால், பொய் அந்தப் பாத்திரத்திடம் இல்லை.)

நடந்ததை மட்டும் சொல்கிறேன். கல்யாணம் முடிந்த மறுவாரம் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடினார்கள். மண்டியிட்டவனை அடித்தவன் இனி எந்தக் கல்யாணத்திலும் கம்பு தொடக் கூடாது என்றார்கள். டுமே தலையை ஆட்டினான். அந்த மாதமே எர்மெலோ பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். டிசம்பர் விடுமுறைக்கு வந்தாலும் கல்யாண வீடுகளுக்கு வருவதில்லை.

4

கெதிவேயின் கல்யாணத்துக்கு மூன்று வருடங்களுக்கு முன்னால், வேறொரு கல்யாணத்தில், வெலாபி என்னைத் தோற்கடித்தான். காதுக்கு மேலே அடி. நேர்மையான அடி. அதில் எனக்கு வருத்தமில்லை.

பிறகு ஓடைக்குக் கூட்டிப்போனான். என்னைக் கல்லில் உட்காரவைத்தான். தண்ணீரை அள்ளி, "கண்ண மூடிக்க, எரியும்" என்றான். ஒட்டியிருந்த முடியை ஒவ்வொன்றாக விலக்கினான். அவ்வளவு மெதுவாக என் அம்மாகூட எனக்குத் தலை கழுவியதில்லை. கரையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அவ்வளவுதான், அவ்வளவுதான்" என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னான்.

கழுவினால் பகை போகும் என்பது வழக்கம். எனக்கு அந்தக் கல்லில்தான் பகை வந்தது. அவன் என்னைக் கேலி செய்திருந்தால் மறந்திருப்பேன். அவன் நல்லவனாக இருந்ததை—

[இந்த வாக்கியத்தை ஏழு முறை முடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிந்தேன். அப்படியே விடுகிறேன்.]

5

கெதிவேயின் கல்யாணம். கறி சாப்பிட்டு முடிந்த மத்தியானம். பெண்வீட்டு ஆண்களுக்கு நான் தலைவன். மைதானத்தின் நடுவில் டுமேயும் வெலாபியும்.

வெகுநேரம் இருவரும் தடுத்துக்கொண்டே சுற்றினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். எங்கள் பக்கத்திலிருந்து ஒருவன், "டுமே! தூங்குறியா, எழுப்பட்டுமா?" என்றான். எதிர்ப்பக்கத்தில், "சோத்துக்கு வந்தவன்டா அவன், அடிக்கு வரல!" என்றார்கள்.

வெலாபி முழங்காலுக்கு வீசினான். டுமே கீழே தடுத்து, அதே வேகத்தில் மேலிருந்து தோள்பட்டையில் இறக்கினான். வெலாபியின் இடக்கை தொங்கிப்போனது. வலது முழங்கால் மண்ணில் பட்டது. இன்னொரு முழங்கால் படவில்லை. கையில் கம்பு இருந்தது. விழுந்தவனா, நிற்பவனா? அதைச் சொல்லத்தான் தலைவன் என்று ஒருவனை நிறுத்துவது.

டுமே கம்பை ஓங்கியபடி என்னைப் பார்த்தான்.

ஒரு கணம் என்று எழுதினால் தப்பித்துக்கொள்ளலாம். கணம் இல்லை. ஒரு முழு மூச்சு. 'போதும்' என்று கத்துவதற்குக் காற்றை இழுத்தேன். அது நெஞ்சில் நிறைந்து நின்றது. வாயைத் திறந்தேன். இன்னும் ஓர் அடி விழட்டும் என்று நினைத்தேன். காற்றைச் சத்தமில்லாமல் வெளியே விட்டேன்.

டுமே திரும்பி அடித்தான்.

ஓடையில் அவன்தான் கழுவினான். "கண்ணத் தொற மச்சான், கொஞ்சம் தொற" என்று கெஞ்சிக்கொண்டேயிருந்தான். பிறகு என்னிடம் ஓடிவந்தான்.

"அண்ணே, நீ சத்தம் போடலயே. அதான் இன்னும் நிக்கிறான்னு நெனச்சேன்."

இந்தக் கதையில் நான் எழுத வேண்டியிருந்தது அடுத்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் இதை ஒத்திப்போட எழுதியது. நான் சொன்னேன்:

"கத்தினேன்டா. ஒனக்குக் கேக்கல."

என் முகத்தையே பார்த்தான். "குலவைச் சத்தத்துல கேக்கல போல" என்றான். பெரியவர்கள் முன்னாலும் அதையே சொன்னான். "அண்ணன் கத்தினாரு. எனக்குத்தான் கேக்கல."

6

முடிவுகள் யோசித்தேன்.

முடிவு அ: ஐந்தாம் பகுதியை எடுத்துவிட்டுப் படிக்கிறேன். வெலாபி ஓர் ஆடு அடிக்கிறான்.

முடிவு ஆ: எல்லாவற்றையும் படிக்கிறேன். வெலாபி என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறான். (ரேடியோவுக்கு இது போதும். பின்னணியில் மழைச் சத்தம் சேர்த்துக்கொள்ளலாம்.)

முடிவு இ: ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல். இதைத்தான் மூன்று நாள் முயன்றேன். காய்ச்சல் வரவில்லை.

போனேன். வெலாபி ஆட்டுப்பட்டிக்கு முள்வேலி கட்டிக்கொண்டிருந்தான். மகளைக் கூப்பிட்டான். நொம்சேபோ, பதினாலு வயது.

"நீயும் ஒக்காந்து கேளு."

நான் எதிர்பார்க்கவில்லை. தாளை மடியில் வைத்துப் படித்தேன். கற்றாழைக்கு நொம்சேபோ சிரித்தாள். ஓடைக்கரைப் பகுதியில் வெலாபி முள் ஒடிப்பதை நிறுத்தினான். ஐந்தாம் பகுதி வந்தபோது தண்ணீர் கேட்டேன். குடித்தேன். படித்தேன்.

முடிந்தும் அவன் வேலியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும்" என்றான். "முட்டி மண்ணுல பட்டதும் நான் அவன் கம்பப் பாக்கல. ஒன்னத்தான் பாத்தேன். வாயத் தொறந்தே. சத்தம் வரல."

"பதினோரு வருஷமா ஏன் சொல்லல?"

"சொல்லி? அண்ணன் கத்தினாருன்னு அவனே பெரியவங்க முன்னாடி சொல்லிட்டான். என் பேச்ச எவன் நம்புவான்? ஒன் வாயால வரட்டும்னு இருந்தேன். வர்ற மாதிரி தெரியல. அதான் எழுதச் சொன்னேன்."

நொம்சேபோ என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "அப்ப அந்த டுமே மாமாவ நான் இத்தன நாளா திட்டினது?"

நான் தாளை மடித்தேன்.

"தெரிஞ்சவனுக்கு எதுக்குப் படிக்கிறே?" என்றான் வெலாபி. சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து மகளிடம் நீட்டினான். "டுமே நம்பரப் போடு. வருஷா வருஷம் டிசம்பர்ல கூப்பிட்டுக் கண்ணு எப்படி இருக்குன்னு கேப்பான் ஒன் தம்பி. தெரியாதவனுக்குப் படி மச்சான்."

7

"மச்சான்! என்ன திடீர்னு? கண்ணுல ஏதாச்சும் வலியா?"

"நான்டா. அண்ணன்."

"அண்ணே? நீ எப்படி அங்க? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. ஒரு கத எழுதியிருக்கேன். படிக்கிறேன், கேளு."

"என்கிட்டயா? நானும் வர்றேனா அதுல?"

"வர்றே."

"நல்லவனா, கெட்டவனா?"

முதலிலிருந்து படித்தேன். காவலுக்கு வந்தியா என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தான். அவன் பக்கத்தில் யாரோ பேசிக்கொண்டும் பாத்திரம் கழுவிக்கொண்டும் இருந்தார்கள். ஐந்தாம் பகுதி பாதியில் அந்தச் சத்தம் தேய்ந்தது. எழுந்து தள்ளிப் போயிருக்க வேண்டும். முடித்தேன். நான் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவனும் துண்டிக்கவில்லை. வெலாபி முள்ளைக் கீழே போட்டுவிட்டு நின்றான்.

பிறகு டுமே பேசினான். ஒரே ஒரு வாக்கியம். பேசிவிட்டு வைத்துவிட்டான்.

மறுநாள் இரண்டு வீட்டுப் பெரியவர்களிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். இப்போது கம்பு தொடக் கூடாதவன் நான். டுமேமேல் இருந்த தடையை எடுத்துவிட்டார்கள். டிசம்பரில் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் இருக்கிறது. அவன் வருவானா என்று யாருக்கும் தெரியாது.

அந்த வாக்கியத்தை எழுதப்போவதில்லை. அவன் சொல்லாததை மூன்று வரைவுகளில் அவன் வாயில் வைத்தேன். பெரியவர்கள் முன்னால் அவன் சொன்னதும் நான் வைத்ததுதான். இந்த ஒன்றாவது அவனுடையதாக இருக்கட்டும். கதைக்கு முடிவு வேண்டும் என்பவர்களுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மன்னித்துவிட்டான் என்று எழுதத் தோன்றினால், எழுதுவதற்கு முன்னால் அது அவனுக்காகவா, எனக்காகவா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

"அண்ணே, ........................................"