உப்புக்கரைச்சான் கணவாய்

இல்லாத நாட்டில் ஒரு மலைக்குப் பெயர் வைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. அந்த வழியே யார் போவார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். பெயர் மலையிலிருந்து வருவதில்லை. அங்கே அவதிப்பட்டவன் வாயிலிருந்து வருகிறது. அச்சு முறிந்த மேடு ‘வண்டிமுறிச்சான்’. வார் அறுந்த பாறைச் சரிவு ‘செருப்பறுத்தான்’. பலகை விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில், ஒரு மந்திர நாடு முழுவதற்கும் அவள் இப்படித்தான் பெயர் வைத்திருந்தாள். அலுவலகத்தில் அவளையே ‘பெயர்க்காரி’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒரே ஒரு கணவாயை மட்டும் வரைபடத்தில் பெயரில்லாமல் விட்டு, விளையாட்டை வாங்குபவர்களில் அந்தப் பெயரைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று முதலாளி அறிவித்திருந்தார். யாராலும் முடியாது என்ற நம்பிக்கை அவருக்கு. முதல் வாரமே யாரோ ஒருவர் எழுத்துப் பிசகாமல் அனுப்பிவிட்டார்: உப்புக்கரைச்சான்.

“இந்தப் பேரு தெரிஞ்சது ரெண்டே பேருக்கு,” என்றார் முதலாளி. “ஒண்ணு நான். என்மேல எனக்குச் சந்தேகம் இல்லை.”

எப்படி வெளியே போனது என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வேலை இல்லை என்றார். வீட்டில்கூட மூச்சு விடவில்லை என்று அவள் சாதித்தாள். அது பொய். துணி மடிக்கும்போது கணவனிடம் சொல்லியிருந்தாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்று முதல் கணவன் செய்ததெல்லாம் அவளுக்குத் தப்பாகவே பட்டது. போன் வந்தால் எதற்கு மாடிக்குப் போகிறான்? புதுச் செருப்பு இப்போது எதற்கு? கதவோரம் நின்று கேட்டாள், ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அவனே போனை மேசைமேல் வைத்தான்.

“கதவோரமா நின்னு கால் வலிக்கப் போகுது. இதைப் பாத்துடு.”

வேண்டாம் என்றிருக்கலாம். அவள் பார்த்தாள். அவன் அண்ணன், அலுவலகம், செருப்புக் கடை, வேறெதுவும் இல்லை.

“அப்போ எப்படித் தெரிஞ்சுது?”

அவள் விரித்து வைத்திருந்த புது வரைபடத்தை அவன் இழுத்துப் பார்த்தான். ஒரு பள்ளத்தில் விரலை வைத்தான்.

“இது பானையுடைச்சானா?”

பையைக் குடைந்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அந்தப் பெயரை அவள் எங்குமே எழுதவில்லை, மனதில்தான் இருந்தது.

“இந்தப் பக்கம் குயவர் ஊரு. அந்தப் பக்கம் சந்தை. நடுவுல பள்ளம். பானை ஏத்தின வண்டிக்கு அங்க வேற என்ன நடக்கும்?”

கணவாய்க்கும் அதே கதைதான். கடற்கரையில் உப்பளம், அங்கிருந்து ஏறும் பாதை, உச்சியில் மழைமேகம். எல்லாம் அவள் கையால் வரைந்தவை. பூட்டைத் தொங்கவிட்டு, பக்கத்திலேயே சாவியையும் மாட்டிவைத்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை முதலாளி முன்னால் புதிதாக ஒன்று வரைந்தாள்: காற்றாலைகள் நிற்கும் ஒரு முகடு, கீழே குடை செய்கிறவர்கள் ஊர், முகட்டைத் தாண்டி ஒரு பாதை. உள்ளங்கையில் எதையோ எழுதி மூடிக்கொண்டு, முகட்டுக்குப் பெயர் வைக்கச் சொன்னாள். இதென்ன குழந்தை விளையாட்டு என்று அவர் சலித்துக்கொண்டார். பிறகு பென்சிலைக் கடித்தார்.

“குடைபறிச்சான்,” என்றார்.

அவள் கையை விரித்தாள். குடைபறிச்சான்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“அப்போ யார் வேணும்னாலும் வைக்கலாம். நீங்க எதுக்கு?”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. பெரிய வரைபடத்தின் வடக்கு ஓரத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அங்கே தனியாக ஒரு மலை. பாதை, ஊர், மேகம் எதுவும் இல்லை.

“இதுக்கு வைங்க சார்.”

அவர் பென்சில் முனையால் மலையைச் சுற்றித் தேடினார். “இதுல ஒண்ணுமே இல்லையே.”

“ஆமா சார். இன்னும் யாரையும் அங்க அனுப்பலை.”

பென்சிலைத் திருப்பிக் கொடுத்தார். வேலை தப்பியது. ஆனால் அவள் எழுந்தபோது, இனி அவர் அறையிலேயே அவள் உட்கார்ந்து வரையட்டும் என்றார். வரைபடம் அவர் கண்முன்னே இருக்க வேண்டுமாம்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்த மலைக்கு முதல் பாதையைத் தொடங்கியபோது அவர் கழுத்தை நீட்டினார். அவள் இடது கையை அணைபோல் வளைத்து, தாளை மறைத்துக்கொண்டாள்.