ஆர்டிஸ் பிரெக்கியின் இடது கால்

வடக்கு டகோட்டாவின் டோர்வால்ட் ஊரில், அறுவடை முடிந்து முதல் உறைபனி விழுந்த வாரத்தில், ஆர்டிஸ் பிரெக்கியின் இடது கால் அரை அங்குலம் வளர்ந்தது. வலது கால் வளரவில்லை. நவம்பர் கடைசியில் வளர்ச்சி ஆறு அங்குலத்தைத் தாண்டியிருந்தது. ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சூரியகாந்தி விளைச்சல், தேவாலயத்துக் கூரை ஒழுகல் என்ற பேச்சுகளுக்கு நடுவே இதுவும் ஒரு பேச்சாகப் போயிற்று. எல்லோரும் அவள் காலைப் பார்த்தார்கள். காரைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வயிற்றெரிச்சல் அதில்தான்.

ஆர்டிஸுக்கு ஐம்பத்துநான்கு வயது. மில்டன் ஹாகனின் மருந்துக்கடைக்காக, வாரத்தில் மூன்று நாள், எழுபத்தொரு பண்ணை வீடுகளுக்குத் தன் சொந்தக் காரில் மருந்து கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடமாக அதுதான் அவள் வேலை. ஒன்பது வயதில் அப்பாவின் டிராக்டரில் கிளட்ச் மிதிக்கத் தொடங்கியவள். அப்படிப்பட்டவளுக்கு அந்தச் செப்டம்பரில் கார் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. கிளட்சைத் தரைவரை மிதித்தாலும் முதல் கியர் மழையில் உப்பிய மேஜை இழுப்பறை மாதிரி முட்டி முட்டித்தான் விழுந்தது. ரிவர்ஸ் போட்டால் பற்கள் கடகடவென்று அரைபட்டன. நின்று போக வேண்டிய முனைகளில் கிளட்சை விடாமல் மிதித்திருந்தபோதே கார் தானாக முன்னால் ஊர்ந்தது. ஆர்டிஸ் இன்ஜினை அணைத்துவிட்டுக் கியர் போட்டுப் பார்த்தாள். எல்லாக் கியரும் வழுக்கிக்கொண்டு விழுந்தன. இன்ஜினைக் கிளப்பினாள், மறுபடி முட்டல். அணைத்தால் சுகமாக விழும் கியர், ஓடும்போது மட்டும் முட்டினால் குற்றம் கியர் பாக்ஸில் இல்லை. மிதித்தும் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் நாற்பது மைலுக்கு ஒரே மெக்கானிக் டேல் ஸ்ட்ரோம்குவிஸ்ட்தான். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். அவள் சொன்னதை ஒரு காதில் வாங்கினான்.

“நீ பாதி மிதிச்சுட்டு விட்டுடறே ஆர்டிஸ். நல்லா அழுத்தி மிதி.”

“தரை தட்டுது டேல். கார்ப்பெட்ல ஓட்டையே விழுந்துடுச்சு, வந்து பாரு.”

“அப்ப இன்னும் அழுத்தி மிதி.”

முதலில் கியர் எண்ணெயை மாற்றினான். பிறகு, நொறுங்கிப்போன ஒரு காரிலிருந்து கழற்றிய கியர் பாக்ஸைப் பொருத்தினான். பிறகு கிளட்ச் தட்டையே புதிதாகப் போட்டான். ஒவ்வொரு தடவையும் கார் ஒரு வாரம் அவனிடம் கிடந்தது. ஒவ்வொரு தடவையும் அதே முட்டல், அதே ஊர்தலோடு திரும்பி வந்தது. ஆர்டிஸ் கேட்டது ஒன்றே ஒன்று: ஓர் ஆள் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்கட்டும், இன்னோர் ஆள் பானெட்டைத் திறந்து உள்ளே என்ன அசைகிறது என்று பார்க்கட்டும். அதெல்லாம் பார்த்தாயிற்று என்றான் டேல். பார்க்கவேயில்லை. ஆர்டிஸ் தன் கணவர் லேலண்டைக் கூப்பிட்டாள். அவர் தினமும் காலை பத்து மணிக்கு ஓட்டலில் டேலோடு ஒரே மேஜையில் காபி குடிப்பவர்.

“ஒரே நிமிஷம் வந்து மிதிச்சுக் குடு, போதும்.”

“டேல்தான் பாத்தாச்சுன்னு சொன்னானே. இப்ப நானும் போய்ப் பாத்தா, அவனை நம்பலைன்னு ஆயிடாதா?”

அந்த ஊர் அப்படிப்பட்ட ஊர். முகத்துக்கு நேராக ஒருவனைத் தப்பென்று சொல்வதைவிடப் பனிப்புயலில் நடந்து போவது மேல் என்று நினைக்கிறவர்கள். அதிலும் ஜனவரியில் பனியில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கும் காரை இழுத்துவர வேண்டியவன் டேல்தான். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரும் வரவில்லை, தேவாலயப் போதகரும் வரவில்லை. எழுபத்தொரு வீட்டுக்கு மருந்து சுமந்தவளுக்கு ஒரு நிமிஷம் பெடல் மிதித்துத் தர அந்த ஊரில் ஓர் ஆள் கிடைக்கவில்லை.

கால் சொன்னபடி கேட்டது. ‘இன்னும் அழுத்தி மிதி’ என்று யாராவது சொன்ன மறுநாள் காலையில் அது கொஞ்சம் நீண்டிருக்கும். கிறிஸ்துமஸுக்கு ஓர் அடி கூடியிருந்தது. ஜனவரியில் கார் ஓட்டும்போது முழங்கால் ஜன்னலுக்கு வெளியே போயிற்று. லேலண்டின் தங்கை அதற்குச் சிவப்புக் கம்பளியில் ஒரு தொப்பி பின்னிக் கொடுத்தாள். உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும் போட்டு அடுப்பில் வாட்டிய பாத்திரங்கள் ஆறுதலாகப் பதினான்கு வீடுகளிலிருந்து வந்தன. பாத்திரம் திரும்பி வருவதற்காக அடியில் அவரவர் பெயரெழுதிய ஒட்டுத்தாள். பக்கத்து நகரத்து டாக்டர், எலும்பு நன்றாக இருக்கிறது, கிளட்ச் இல்லாத கார் வாங்கலாமே என்றார். ஆர்டிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள்.

பிப்ரவரி நடுவில் மில்டன் ஹாகன் அவளைக் கடையின் பின்னறைக்குக் கூப்பிட்டார். மார்ச் முதல் தேதியிலிருந்து மருந்து கொடுக்கும் அந்தப் பாதையைத் தன் மருமகன் பார்த்துக்கொள்வான், அவனிடம் தானாகக் கியர் மாறும் கார் இருக்கிறது என்றார். காரிலும் கோளாறில்லை, ஓட்டுபவளிடமும் கோளாறில்லை என்று டேல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வேறு விஷயம் என்றார். “உன் கால் இருக்கற நிலைமையைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதே” என்றார்.

“என் காலுக்கு என்ன கேடு? வண்டியில இருக்கற குறைக்கு அதுவாவது வளர்ந்து குடுக்குது. நீங்கள்லாம் என்ன பண்ணீங்க?”

காரில் வந்து உட்கார்ந்து ஆத்திரத்தில் அழுதாள். கண் தெரியாத ஓலாஃப் லீயனுக்கு மாத்திரைச் சீட்டைப் படித்துச் சொன்னவள் அவள். இன்சுலின் உறையாமலிருக்கத் தன் கோட்டுக்குள் வைத்து எடுத்துப் போனவள் அவள். மருமகனுக்கு அந்த எழுபத்தொரு வீட்டில் ஒரு நாயின் பெயர்கூடத் தெரியாது.

பிப்ரவரியின் கடைசிச் சனிக்கிழமை, காலை பத்து மணி, பளீரென்ற வெயில், மூக்கு மரத்துப்போகும் குளிர். ஆர்டிஸ் டேலின் பட்டறை வாசலில், ஓட்டல் ஜன்னலுக்கு நேர் எதிரே காரை நிறுத்தினாள். கால் அப்போது ஐந்தரை அடி. பானெட்டைத் தூக்கி வைத்தாள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து வைத்தாள். வலது காலில் ஊன்றி இன்ஜின் மேல் குனிந்துகொண்டு, இடது காலைக் கதவு வழியாக உள்ளே அனுப்பிப் பெடலை மிதித்தாள். கேட்டும் வராத அந்த இன்னோர் ஆள் கடைசியில் அவளேதான்.

ஒரே மிதி. இன்ஜினுக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவே சுவர் மாதிரி ஒரு தகடு உண்டு. பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கடத்தும் சிலிண்டர் அதில்தான் இறுக்கப்பட்டிருக்கும். அவள் மிதித்ததும் அந்தத் தகடே கன்னம் போல உப்பிக்கொண்டு முன்னால் வந்தது. சிலிண்டரைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு விரிசல் வாய் பிளந்தது. காலை எடுத்ததும் மூடிக்கொண்டது. ஆறு மாதமாக அவள் மிதித்த மிதியில் பாதி கிளட்சுக்குப் போகவேயில்லை, தகரத்தைத் தள்ளுவதிலேயே போயிருந்தது.

“டேல்! இங்க வா!”

ஓட்டலிலிருந்து காபிக் கோப்பைகளோடு ஒன்பது ஆண்கள் வெளியே வந்தார்கள். ஆர்டிஸ் மூன்று முறை மிதித்துக் காட்டினாள். விரிசல் மூன்று முறை வாயைத் திறந்தது.

“ம்... கொஞ்சம் வேற மாதிரிதான் இருக்கு” என்றான் டேல்.

“வேற மாதிரியா? தகடு கிழிஞ்சு கிடக்கு! ஆறு மாசமா கியர் பாக்ஸைக் கழட்டினே, கிளட்ச்சைக் கழட்டினே, என் காலைக் குறை சொன்னே. குனிஞ்சு ஒரு தடவை பாத்தியா? நீங்க ஒன்பது பேர், ஒருத்தராவது வந்து மிதிச்சீங்களா?”

லேலண்ட் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிழிந்த தகட்டை வெல்டிங் செய்து ஒட்ட நாற்பது நிமிஷம் ஆயிற்று. பிறகு ரிவர்ஸ்கூடச் சத்தமில்லாமல் விழுந்தது. மில்டன் கேட்ட காகிதத்தில் டேல் கையெழுத்துப் போட்டான். திங்கட்கிழமை ஆர்டிஸ் வழக்கம்போல மருந்து கொண்டுபோனாள். அன்று மாலை டேல் கறிப்பாத்திரத்தோடு அவள் வீட்டுப் படியில் நின்றான். அந்த ஊரில் மன்னிப்பு பாத்திரத்தில்தான் வரும். ஆர்டிஸ் கையை நீட்டவில்லை.

“சாப்பாடு வேணாம். வாயைத் திறந்து சொல்லு.”

“தப்பு என்னுதுதான் ஆர்டிஸ்” என்றான். அதற்குப் பிறகு வாங்கிக்கொண்டாள்.

கால் அன்றோடு வளர்வதை நிறுத்திக்கொண்டது, குறையவும் இல்லை. சிவப்புத் தொப்பி போட்ட முழங்கால் தூரத்தில் தெரிந்தாலே பண்ணைகளில் மாத்திரை விழுங்கத் தண்ணீர் டம்ளரை எடுத்து வைத்தார்கள்.

அடுத்த அக்டோபரில் மில்டனின் மனைவி ஹேசல் ஹாகன், காரின் முன்சக்கரத்தில் ஏதோ முனகுகிறது என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்றார் மில்டன். வியாழக்கிழமை பாட்டுக் குழு ஒத்திகைக்கு வந்தபோது அவளுடைய வலது காது சட்டைக் காலர்வரை இறங்கியிருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் பத்து மணிக்கு ஓட்டலுக்கு அந்தச் செய்தி வந்ததும் டேல் காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஜாக்கியை எடுக்க ஓடினான். லேலண்ட், யாரும் கூப்பிடாமலே, கூடப் போனார்.