கீச்சென்று கத்தும் கிண்ணம்

துர்சுனாலி தன் தங்கைக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தான். கரகோல் நகரத்தில் அம்மா விட்டுப்போன வீட்டில் கனிஷாய் தனியாகக் குடியிருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் அவனுக்கும் அண்ணிக்கும் யார் துணையும் இல்லாமல் தேநீர் ஊற்றிக் கொடுக்க வேண்டும்.

"ஒரு சொட்டு சிந்தினாலும் சாவி என் பையிலதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டான்.

பார்வை போனதிலிருந்து மூன்று வருடமாகக் கனிஷாய் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அண்ணி சைராகான் நல்லவள், அதுதான் தொல்லை. ஒரு தட்டைத் தொட்டால் போதும், "நீ உட்காரு கண்ணு, நான் பார்த்துக்கறேன்" என்று ஓடி வருவாள். உட்கார்ந்து உட்கார்ந்தே கிழவியாகிவிடுவோம் என்று பயந்துதான், நூலகத்தின் பின்கட்டில் பார்வையற்ற பெரியவர்களுக்காக நடக்கும் வகுப்பில் சேர்ந்தாள் அவள்.

கோல் தட்டி நடப்பது, கேரட் சீவுவது, அடுப்பு மூட்டுவது எல்லாம் அங்கே பாடம். தேநீர் ஊற்றக் கற்றுக்கொள்வதற்கு யாரோ வெளிநாட்டிலிருந்து ஒரு சின்னக் கருவி அனுப்பியிருந்தார்கள். அதைக் கிண்ணத்தின் விளிம்பில் மாட்டினால் இரண்டு கம்பிகள் உள்ளே எட்டிப் பார்க்கும். தேநீர் விளிம்புக்கு ஏறிக் கம்பியைத் தொட்டதும் கீச்சென்று கத்தும். அப்போது நிறுத்த வேண்டும்.

"தெருவுல போறவன் இங்க கோழிக்குஞ்சு விக்கிறாங்கன்னு நினைச்சுக்கப் போறான்" என்பார் கூடப் படிக்கும் சாதிர். முப்பது வருடம் லாரி ஓட்டி, சர்க்கரை நோயில் கண்ணைத் தொலைத்தவர். வாய் மட்டும் இன்னும் நெடுஞ்சாலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வியாழக்கிழமை அண்ணனும் அண்ணியும் வகுப்புக்கே வந்து உட்கார்ந்தார்கள். ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்கள். பாலாடையை மெச்சினார்கள். அக்கா என்ற பொருளில் எல்லாரும் 'எஜே' என்றழைக்கும் ஆசிரியை குல்சினாவிடம் துர்சுனாலி கறாராகச் சொன்னான்: "நீங்க வாயைத் திறக்கக் கூடாது, எஜே."

கனிஷாய் கருவியை மாட்டினாள், ஊற்றினாள். கீச். நிறுத்தினாள். இரண்டாவது கிண்ணம். கீச். சொட்டுகூட வெளியே இல்லை. இரண்டையும் நடுக்கமில்லாமல் நீட்டினாள். குல்சினா எஜே இருமினார். திரும்பவும் இருமினார். 'பாவம், சளி பிடித்திருக்கிறது' என்று நினைத்துக்கொண்டாள் கனிஷாய்.

யாரும் குடிக்கவில்லை.

"சரி" என்றான் துர்சுனாலி, நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு. "குடிச்சிட்டுக் கிளம்புன்னு சொல்ற. புரிஞ்சுது."

கனிஷாய்க்குக் காது வரை சூடேறியது. பாதிக் கிண்ணம் ஊற்றினால்தான் மரியாதை, 'இன்னும் இருங்கள்' என்று அர்த்தம். தளும்பத் தளும்ப ஊற்றினால் 'எழுந்து போ' என்று அர்த்தம். ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. கருவி கத்த வேண்டுமே, கத்த வேண்டுமே என்ற கவலையில் அவளுக்குத்தான் மறந்துபோயிருந்தது.

சாதிர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அட ஆண்டவனே! அப்ப ஆறு மாசமா நாம ஒருத்தரை ஒருத்தர் வெளியே தள்ளிக்கிட்டுத்தான் இருந்தோமா? ஒரு பயலும் போகலையே!"

"உட்காரு அண்ணே" என்றாள் கனிஷாய். கருவியைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "இப்ப ஒழுங்கா ஊத்தறேன்."

வேறு கிண்ணம் எடுத்தாள். ஊற்றும்போது சத்தம் மெல்ல ஒடுங்குவதைக் காது கொடுத்துக் கேட்டாள். பாதி என்று பட்டதும் நிறுத்தினாள். துர்சுனாலி முனகிக்கொண்டே குடித்தான், காலிக் கிண்ணத்தைத் திருப்பி நீட்டினான். பாதிக் கிண்ணத்தின் வம்பு அதுதான், நொடிக்கு நொடி காலியாகும். ஊற்றினாள், வாங்கினாள், மறுபடி ஊற்றினாள். அண்ணி பேச்சு சுவாரசியத்தில் கிண்ணத்தை இடம் மாற்றி வைப்பாள். கனிஷாய் விரலால் தேடிப் பிடிப்பாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் துர்சுனாலி "ஆஆ!" என்று கத்தினான்.

"எங்க பட்டுது?"

"முட்டியில! எங்க பட்டா என்ன? சிந்திட்ட!"

கனிஷாய் கெட்டிலை மேசையில் வைத்தாள். சிரித்தது சைராகான்தான்.

"எதுக்குய்யா இந்தக் கூப்பாடு? நான் மருமகளா வந்த முதல் நாள் உங்கப்பா மடியில முழுக் கிண்ணத்தையும் கவுத்தேன். எனக்கு அப்பக் கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருந்துது."

"அப்பா ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டாள் கனிஷாய்.

"சொன்னாரே. 'இன்னொண்ணு ஊத்தும்மா'ன்னாரு."

துர்சுனாலி கால்சட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். காய்ந்த பிறகும் துடைத்தான். கடைசியில் பையைத் துழாவிச் சாவியை எடுத்துத் தங்கையின் உள்ளங்கையில் அழுத்தினான்.

"என்னிக்குப் போகப் போற?"

"இன்னிக்கு."

"இன்னிக்கா! படுக்கை, பாத்திரம்..."

"பாத்திரம் நான் அனுப்பறேன்" என்றாள் சைராகான். "கொண்டு வர மாட்டேன். கொண்டு வந்தா அங்கயே நின்னு சமைச்சிடுவேன்."

வாசலில் கனிஷாய் மடக்குக் கோலை விரித்தாள். துர்சுனாலி பின்னாலேயே வந்தான்.

"அந்தப் பூட்டு இறுக்கம். கதவைக் கொஞ்சம் தூக்கிட்டுத் திருகணும்."

"நான் வளர்ந்த வீட்டுக் கதவு அண்ணே அது."

"தெரியும், தெரியும்" என்றான் அவன். "சும்மா சொல்லி வெச்சேன்."