உடம்பில் எவ்வளவு நாள் இருக்கும்?

அவளை ஸ்டுடியோவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அழுகாச்சி அக்கா என்று சொன்னால்தான் வாசலில் நிற்கும் காவலாளிக்கே தெரியும். அதில் அவளுக்கு வருத்தமொன்றும் கிடையாது. வெளியிலிருந்து வரும் படங்களுக்குக் குரல் கொடுக்கும் இடம் அது. கதாநாயகி சிரிப்பது, கொஞ்சுவது, கோபித்துக்கொள்வது எல்லாம் சின்னப் பெண்களின் குரலில் நடக்கும். அதே கதாநாயகி உடைந்துபோய் அழ வேண்டிய கட்டம் வந்துவிட்டால் டைரக்டர்கள் இவளுக்குத்தான் போன் போடுவார்கள்.

மற்றவர்கள் அழுகிற லட்சணம் அவளுக்குப் பிடிக்காது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு விம்முவார்கள், எச்சிலை விழுங்கித் தொண்டையை அடைத்துக்கொள்வார்கள், மூக்கை உறிஞ்சுவார்கள். "எல்லாம் நீலிக்கண்ணீர்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள். அவளுக்கு இந்த வித்தை எதுவும் தேவைப்பட்டதில்லை. மைக் முன்னால் நின்று கண்ணை மூடினால் போதும், பொலபொலவென்று கொட்டும். அது எங்கிருந்து வருகிறது என்று அவளும் கேட்டுக்கொண்டதில்லை, வாங்கிக்கொண்டவர்களும் கேட்டதில்லை.

பிறகு ஒரு காலத்தில் அது மைக் இல்லாமலேயே வர ஆரம்பித்தது. பாத்திரம் கழுவும்போது வந்தது, பஸ்ஸில் வந்தது, சும்மா சுவரைப் பார்த்தபோது வந்தது. பல் தேய்ப்பதே மலையாகத் தெரிந்தது. அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கோளாறையும் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று நம்புகிறவன். திறந்து பார்க்க முடியாத ஒன்று வீட்டுக்குள்ளேயே வந்ததும் ஆடிப்போனான். ஆனாலும் கையைப் பிசைந்துகொண்டு உட்காரவில்லை, அவளை எழுப்பி, செருப்பு மாட்டிவிட்டு, டாக்டரிடம் அழைத்துப் போனான்.

டாக்டரம்மா மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவள் எழுந்துவிட்டாள். தூங்கினாள், சாப்பிட்டாள், பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டைகூடப் போட்டாள். கண்ணீர் நின்றது. நின்றதென்றால் ஒரேயடியாக நின்றது. சித்தப்பா இறந்த வீட்டில் எல்லோரும் கண்ணீரும் கம்பலையுமாக இருக்க, இவள் மட்டும் உலர்ந்த கண்ணோடு எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். "சரியான கல்நெஞ்சக்காரி" என்று அத்தை சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. அவளுக்கு உள்ளே வலித்தது. ஆனால் வலி கண் வரைக்கும் ஏறவில்லை.

ஸ்டுடியோவில் சின்னக் கட்டங்களை எப்படியோ ஒப்பேற்றினாள். அவள் திட்டித் தீர்த்த அதே கைக்குட்டை இப்போது அவள் வாயிலும் ஏறியது. யாருக்கும் தெரியவில்லை, ஒலிப்பதிவாளனைத் தவிர. அவனுக்கு அங்கே 'காது' என்று பெயர். அந்தப் பெயருக்கு ஏற்றவன். கேட்டும் கேட்காதவன்போல் இருந்துவிட்டான்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. ஒரு அம்மா ரயில் நிலையத்தில் மகனுக்காகக் காத்திருக்கிறாள். ரயில் வருகிறது, எல்லோரும் இறங்குகிறார்கள், அவன் இல்லை. அவள் பெட்டி பெட்டியாக ஜன்னலை எட்டிப் பார்த்துக்கொண்டே போகிறாள். ரயிலும் கிளம்பிவிடுகிறது. அதன்பிறகு அவள் அழுவதை முதுகுப்பக்கம் இருந்து, வெட்டாமல், ஒரே ஷாட்டில் எடுத்திருந்தார்கள்.

"முகமே தெரியாதும்மா," என்றார் டைரக்டர். "குரல்தான் எல்லாம். உங்கள விட்டா எனக்கு ஆளே கிடையாது."

"முந்தி மாதிரி வர மாட்டேங்குது சார். ஒரு மாத்திரை சாப்பிடறேன். அதுல இருந்து கண்ணு வறண்டு கெடக்கு."

"அவ்வளவுதானே? ரெக்கார்டிங் முடியற வரைக்கும் அதுக்கு ஒரு லீவு குடுங்க. ஐஸ் தண்ணிய நிறுத்தறோம்ல, அது மாதிரி."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. குரல் கொடுக்கிறவர்களுக்கு இது பழகிப்போன வழக்கம். பெரிய கட்டம் வந்தால் ஐஸ் தண்ணீரை விடுவார்கள், பாலை விடுவார்கள், எண்ணெய்ப் பலகாரத்தை விடுவார்கள், சிலர் வீட்டில் பேசுவதைக்கூட விட்டுவிடுவார்கள். விட்டதை ரெக்கார்டிங் முடிந்த சாயங்காலமே ஆசை தீரச் சாப்பிடுவார்கள். விடுகிற பட்டியலில் இன்னொன்று சேர்ந்தது, அவ்வளவுதான் என்று அவளும் நினைத்துவிட்டாள். உலகத்தில் வேறு எந்தத் தொழில் செய்கிறவளும் இப்படி நினைத்திருக்க மாட்டாள்.

அன்றைக்கே மருந்துக்கடைக்குப் போனாள். கடையில் இருந்த அம்மா இவளை நன்றாக அறிந்தவர்.

"இந்த மாத்திரை உடம்புல எவ்வளவு நாள் இருக்கும்மா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மா, தெரிஞ்சுக்கலாம்னு."

"ஒண்ணொண்ணுக்கும் ஒரு கணக்கு இருக்கு. இதே வகையில இன்னொண்ணு வாரக்கணக்குல உடம்ப விட்டுப் போகாது. நீங்க சாப்பிடறது அப்படி இல்ல. ஒரு நாள் போனா பாதி குறையும், அடுத்த நாள் அந்தப் பாதியில பாதி. ஏறக்குறைய ஒரு வாரத்துல போயிடும். வயசு, ஈரல், சிறுநீரகம் எல்லாத்தையும் பொறுத்துக் கொஞ்சம் முன்ன பின்ன ஆகும்." அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "ஆனா மருந்து போறது வேற, மண்டை அதுக்குப் பழகினது வேறம்மா. திடுதிப்புனு நிறுத்தினா மண்டைக்குத் தாங்காது. டாக்டரக் கேக்காம ஒண்ணும் பண்ணிடாதீங்க."

இவள் தலையை ஆட்டினாள். ஒரு வாரம் என்பது மட்டும்தான் காதில் ஏறியது. மிச்சத்தைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

வீட்டில் அவள் கணவன் சாப்பாடு முடிந்ததும் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து நீட்டுவான். அதை வாங்கி நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரை மட்டும் விழுங்கினாள். வாயை வைத்துப் பிழைக்கிறவளுக்கு இது ஒரு வித்தையா? அவன் திரும்பியதும் கழுவுதொட்டியில் துப்பினாள். அவனை ஏமாற்றுகிறோம் என்று உறுத்தத்தான் செய்தது. ரெக்கார்டிங் முடிந்ததும் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

இரண்டு மூன்று நாளில் உடம்பு தன் வேலையைக் காட்டியது. கண்ணை இடமிருந்து வலமாகத் திருப்பினால் மண்டைக்குள் பொசுக்கென்று மின்சாரம் அடித்தது. படியிறங்கும்போது படி ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போயின. தூங்கினால் கனவு. ஒருநாள் கணவன் டீயைக் கலக்கும்போது கரண்டி கிளாஸில் பட்டு கிணிங்கென்றது.

"அந்தக் கரண்டியால என் தலையிலயே அடிச்சுடுங்களேன்!" என்று கத்தினாள்.

அவன் கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தான். "உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். ரெக்கார்டிங் வருதுல்ல, அதான்."

அவன் ரெக்கார்டிங் நாள் எது என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

அந்த நாளும் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டரும் காதும். இந்தப் பக்கம் பஞ்சு வைத்த சுவர்களுக்கு நடுவில் அவள், ஒரு மைக், எதிரில் திரை. திரையில் ரயில் நகர்ந்தது. அந்த அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இவள் பழைய வழக்கப்படி கண்ணை மூடினாள்.

வந்தது. அடேயப்பா, எப்படி வந்தது! டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்த அந்த அழுகையைக் கேட்டு காதுகூட ஹெட்போனைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டான். கட்டம் முடிந்தது, திரை கறுப்பானது. டைரக்டர் கண்ணாடி வழியாக இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

அவள் அதைப் பார்க்கவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. மைக்கை விட்டு விலகி, கதவில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். கதவு உள்பக்கமாகத் திறப்பது. அவள் சாய்ந்திருந்ததால் யாராலும் திறக்க முடியவில்லை. தள்ளினால் அவளுக்கு அடிபடும். டைரக்டர் தண்ணீர் கொண்டு வா, யாரையாவது கூப்பிடு என்று அங்குமிங்கும் ஓடினார். காதுதான் அவள் கணவனுக்குப் போன் செய்தான். அவன் எங்கோ ஒரு கட்டிடத்தில் இருந்து கிரீஸ் கையோடு வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஸ்டுடியோ படியில் இறங்கியது மட்டும் மங்கலாக நினைவிருந்தது.

வண்டியில் எல்லாவற்றையும் சொன்னாள். மருந்துக்கடையில் கேட்டதையும் நாக்குக்கு அடியில் ஒதுக்கியதையும் சொன்னாள். அவன் திட்டுவான் என்று பார்த்தாள். அவன் திட்டவில்லை.

"மாத்திரை உடம்புல எவ்வளவு நாள் இருக்கும்னு கேட்டுட்டு வந்தியே. இந்த அழுகை எவ்வளவு நாள் இருக்கும்னு யாரையாச்சும் கேட்டியா?"

அவன் அவளை நேராக டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனான்.

டாக்டரம்மா கேட்டுவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அழுகை வரலன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நிறைய பேருக்கு அப்படி ஆகும். அளவக் குறைச்சுப் பார்க்கலாம், வேற மாத்திப் பார்க்கலாம். நிறுத்தறதுன்னாலும் படிப்படியாத்தான் நிறுத்தணும்."

"லிஃப்ட நடு மாடியில நிறுத்தி கரண்ட்டப் புடுங்குனா மாதிரி பண்ணிட்டா டாக்டர்," என்றான் கணவன்.

மாத்திரை மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை அவன் தண்ணீரை நீட்டியதோடு விடாமல், "ஆ காட்டு" என்றான். அவள் குழந்தைபோல வாயைத் திறந்து காட்டினாள். அதில் இருவருக்குமே சிரிப்பு வந்தது. மண்டைக்குள் மின்சாரம் அடங்கியது. தேறி வந்ததும் டாக்டரம்மா அளவைக் கொஞ்சமே கொஞ்சம் குறைத்து, மாதாமாதம் வந்து காட்டச் சொன்னார்.

ஸ்டுடியோவிலிருந்து போன் வந்தது. காதுதான் பேசினான்.

"அக்கா, டைரக்டர் அந்த டேக்கையே வெச்சுக்கலாம்கறார். நீங்க ஒரு தடவ வந்து கேக்கணும். எனக்கு ஒண்ணு சொல்லணும்."

"இப்பவே சொல்லேன்."

"அழுகை பிரமாதம்தான். ஆனா படத்துல அந்தம்மா ஒரு எடத்துல நிறுத்திடறாங்க. தோளு நிக்குது. நீங்க நிக்கலக்கா."

மறுநாள் போய்த் திரையில் ஓடவிட்டுப் பார்த்தாள். அவன் சொன்னது சரி. இத்தனை வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டே அழுததில் அவள் யாருடைய முதுகையும் பார்த்ததில்லை. அந்த அம்மாவின் தோள் முதலில் ஏறியது, மூச்சைப் பிடித்துக்கொண்டது, மெல்ல இறங்கியது. பிளாட்பாரத்தில் நாலு பேர் பார்க்கிறார்களே என்று அவள் அழுகையை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை எடுக்கலாம் சார்," என்றாள்.

டைரக்டருக்கு அரை மனது. "மொத டேக் இருக்கேம்மா. அந்த மாதிரி இன்னொண்ணு வருமா?"

"அது டேக் இல்ல சார். அது என் வியாதி. அத உங்க படத்துக்குத் தர மாட்டேன்."

அவர் அடுத்த வாரத்துக்கு நாள் குறித்துக் கொடுத்தார்.

அந்த நாள் வந்ததும், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் மைக் முன்னால் நின்றாள். கையில் கைக்குட்டை. முன்பு யாரை நீலிக்கண்ணீர் என்று கிண்டல் செய்தாளோ, அந்தப் பெண்ணிடமே போய் அதை எப்படிப் பிடிப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தாள். அந்தப் பெண்ணும் பெரிய மனது பண்ணிச் சொல்லிக் கொடுத்திருந்தாள். திரையில் தோள் ஏறியபோது இவளும் மூச்சை இழுத்தாள். தோள் பிடித்துக்கொண்டபோது இவளும் பிடித்துக்கொண்டாள். தோள் நின்றபோது நிறுத்தினாள். கன்னம் காய்ந்தே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதுதான்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அறையில் அவளும் காதும் மட்டும் இருந்தார்கள்.

"பழச அழிச்சிடட்டுமாக்கா?"

"மொதல்ல போடு. கேக்கறேன்."

"வேணாங்க்கா. அன்னைக்கு நான் பதறிப் போய் ரெக்கார்டிங்க நிறுத்தாமலே விட்டுட்டேன். எல்லாம் பதிவாயிருக்கு."

"போடுடா."

ஹெட்போனில் அவள் அழுகை ஓடியது. கட்டம் முடிந்த பிறகும் ஓடியது. கேட்கவே கூசியது, ஆனால் கண் கலங்கவில்லை. கதவை யாரோ தட்டும் சத்தம். பிறகு அறைக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் வழியாக ஒரு குரல் மெலிசாகக் கேட்டது. காது அன்றைக்கு அவள் கணவனைக் கட்டுப்பாட்டு அறை மைக்கில் பேச வைத்திருக்கிறான்.

"பயப்படாத. கதவத் தள்ளாத. நான் வெளியிலதான் நிக்கறேன், எங்கயும் போகல. அவசரமே இல்ல. நீ எப்ப வர்றியோ அப்ப தொறக்கலாம்."

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் அவன் பேசுகிற பேச்சு அது. ஊரில் யார் யாருக்கோ கதவுக்கு வெளியே நின்று தினமும் சொல்வது. அவளுக்கும் சொல்லியிருக்கிறான். பதிவில் அவள் அழுகைக்கு நடுவே அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான், குரல் உயராமல், அலுக்காமல், அரை மணி நேரமாக. நான் எங்கயும் போகல. நான் எங்கயும் போகல.

அவள் கண்ணில் ஏதோ சுட்டது. இடது கண்ணில் ஒரு சொட்டு திரண்டு கன்னத்தில் இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. அவள் பயந்துபோய் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். இனி இது நிற்காது என்று நினைத்துக் காத்திருந்தாள்.

நின்றுவிட்டது.

கன்னத்தைத் தொட்டு, ஈரமான விரலைப் பார்த்துக்கொண்டாள். கையில் இருந்த கைக்குட்டைக்கு இப்போதுதான் உண்மையான வேலை வந்தது. துடைத்துக்கொண்டு ஹெட்போனைக் கழற்றினாள்.

"அழுகைய அழிச்சிடு," என்றாள். "அவர் பேசினத மட்டும் வெட்டி என் போனுக்கு அனுப்பு."