கீழ்க் கமராவில் தெரிந்த சப்பாத்து

றுஸ்னா என்ன வேலை செய்கிறாள் என்று மருதமுனையில் யாராவது கேட்டால், அவளுடைய உம்மா "கொம்பியூட்டர் வேலை" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். அதற்கு மேல் விளங்கப்படுத்த அவருக்கும் தெரியாது. கல்முனை பிரதான வீதியில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடி. அங்கே ஆறு பெண்கள் ஆறு கணினிகளுக்கு முன்னால் இருந்துகொண்டு, வேறு வேறு நாடுகளில் நிற்கும் ரோபோக்களை ஓட்டினார்கள். றுஸ்னாவின் ரோபோ தோஹாவில், பழைய முத்துக்குளிப்புக் கப்பல்களை வைத்திருக்கும் ஒரு காட்சிச்சாலையில் நின்றது. நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு தண்டு, அடியில் சக்கரங்கள், மேலே ஒரு திரை. திரையில் அவளுடைய முகம் வராது. கோட்டால் கீறின இரண்டு கண்ணும் ஒரு சிரிப்பும்தான் வரும். குரல் மட்டும் அவளுடையது. வருகிறவர்களுக்குக் கப்பல்களைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே கூட நடத்திப் போகவேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று, "எந்த நாடு வேணும்?" என்று மேற்பார்வையாளர் பாஹிமா கேட்டார். "கட்டார்" என்றாள் றுஸ்னா, கேள்வி முடிவதற்குள். ஏன் என்று பாஹிமா கேட்கவில்லை.

அவளுடைய கணவன் நிப்றாஸ் ஒலுவில் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்திக்கொண்டிருந்தவன். நிக்காஹ் முடிந்து நாலாம் மாதம் தோஹாவுக்குப் போய், ஏசி பூட்டும் கம்பனியொன்றில் சேர்ந்தான். றுஸ்னாவுக்குச் சீதனமாக வாப்பா கட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியிருந்த வீட்டுக்குக் கூரை போட்டதும் வந்துவிடுவதாகப் பேச்சு. இரண்டு வருடமும் ஐந்து மாதமும் போய்விட்டன. ஒவ்வொரு நாளும் கதைத்தார்கள். ஆனால் போனில் முகம்தான் வரும். நெற்றி, தாடி, பின்னால் கட்டில் கம்பி. அவன் பக்கத்தில் நின்றால் தன் தலை அவனுடைய தோளுக்கு வருமா, காதுக்கு வருமா என்பது அவளுக்கு ஒருநாள் திடீரென்று மறந்துபோயிற்று. அன்று பூராவும் அவளால் ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை.

அதன் பிறகுதான் அவன் வெள்ளிக்கிழமைகளில் அந்தக் காட்சிச்சாலைக்கு வரத் தொடங்கினான். ஜும்ஆத் தொழுகை முடிந்து, பஸ் ஏறி, மற்றவர்களைப் போல வாசலால் உள்ளே வருவான். அப்போது கல்முனையில் அஸர் தொழுகை முடிந்திருக்கும். கதைப்பதெல்லாம் பதிவாகும், சொந்தக் கதை கூடாது என்பது சட்டம். அதனால் அவன் பார்க்க வந்தவன், அவள் வழிகாட்டி. "இந்தக் கயிறு என்னத்துக்கு?" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்பான். கயிற்றைப் பற்றி அவனுக்கு அவளைவிட நன்றாகத் தெரியும். அவள் நீளமாக விளக்கம் சொல்வாள். அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு நிற்பான்.

கிட்ட நின்றால் ரோபோவின் முன் கமராவில் அவன் இடுப்புக்கு மேலேதான் தெரிவான், பக்கத்தில் நடக்கும்போது அதுவும் தெரியாது. தரையைப் பார்ப்பதற்கென்று கீழே இன்னொரு சின்னக் கமரா இருந்தது. கணினித் திரையின் மூலையில் தீப்பெட்டி அளவில் அந்தப் படம் ஓடும். அதில் அவனுடைய கறுப்புச் சப்பாத்துகள் சக்கரத்தோடு சேர்ந்து வரும். றுஸ்னா பாதையைப் பார்த்ததைவிட அந்தச் சப்பாத்துகளைப் பார்த்ததுதான் கூட.

ஒருநாள் அவன் திரைக்கு மிகவும் கிட்டக் குனிந்தான். யாராவது நெருங்கினால் ரோபோ தானாகப் பின்னால் போய்விடும். அதை நிறுத்துகிற விசை அவளிடம் இல்லை. அவன் ஓர் அடி வைத்தான், அது ஓர் அடி பின்வாங்கிற்று.

"என்ன புள்ள, என்னக் கண்டு பயமா?" என்று மெதுவாகத் தமிழில் கேட்டான்.

அவள் சிரிப்பைப் பெரிதாக்குகிற விசையை மட்டும் அமத்தினாள்.

ஆறு வெள்ளி அப்படிப் போயிற்று. பிறகு இரண்டு வெள்ளி அவன் வரவில்லை. "டியூட்டி" என்றான் போனில். மூன்றாம் வெள்ளி வந்து ரோபோவுக்குக் கிட்ட நின்றான். வழக்கம்போல அவள் ரோபோவைத் திருப்பி நடக்கத் தொடங்கினாள். கீழ்ப்படத்தில் இடது சப்பாத்து முன்னால் வந்தது. வலது சப்பாத்து வரப் பிந்தியது. வந்தபோதும் தூக்கி வைக்கவில்லை, தரையோடு இழுபட்டு வந்தது.

றுஸ்னா ரோபோவை நிறுத்தினாள்.

"மச்சான், கால்ல என்ன?"

தமிழில், நல்ல சத்தமாக. பக்கத்தில் நின்ற ஓர் அரபுக் குடும்பம் திரும்பிப் பார்த்தது.

"ஒண்டுமில்ல, சப்பாத்து கடிக்கி. இங்கிலீசில கதை புள்ள, ஆக்கள் பாக்காங்க."

"பாக்கட்டும். அந்தக் கப்பல் வரைக்கும் நடந்துபோட்டு வாங்க."

"றுஸ்னா..."

"நடங்க மச்சான்."

அவன் நடந்தான். அவள் ரோபோவை அவன் பக்கம் திருப்பினாள். இரண்டரை வருடத்துக்குப் பிறகு அவனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் முழுதாகப் பார்த்தாள். ஒவ்வொரு அடிக்கும் வலது தோள் கீழே விழுந்து எழும்பியது. கப்பலைச் சுற்றிக் கட்டியிருந்த கம்பியைப் பிடித்து, கொஞ்சம் மூச்சு வாங்கி, திரும்பி வந்தான்.

"எப்ப?"

"மூணு கிழமை. ஏணி சறுக்கிற்று. முழங்கால்ல சவ்வு கிழிஞ்சிரிக்காம்."

"மூணு கிழமையா முகத்தக் காட்டிக் காட்டிப் பொய் செல்லியிரிக்கீங்க."

"பொய் செல்லல்ல. நீ காலக் கேக்கல்லியே." சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"வீட்ட வாங்க."

"கூரை இன்னும்..."

"கூரை இல்லாட்டி உம்மாட வீட்டில இரிக்கலாம். நீங்க இல்லாமத்தான் என்னால இரிக்க ஏலாது."

இந்த வார்த்தையை அவள் போனில்கூட ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டில் எப்போதும் யாராவது பக்கத்தில் இருப்பார்கள். இப்போது மேல்மாடியில் மற்ற ஐந்து பெண்களும் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிப்றாஸ் கையை நீட்டினான். ரோபோ பின்னால் போனது. அவன் காலை இழுத்துக்கொண்டு இன்னும் கிட்ட வந்தான். அது இன்னும் பின்னால் போய், சுவரில் முட்டி நின்றது. அதற்கு மேல் போக இடமில்லை. அவன் உள்ளங்கையைத் திரையின் மேல், கமராவை மூடி வைத்தான். றுஸ்னாவின் கணினி இருண்டது. விரல் இடுக்குகளில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். கை உரசுகிற சத்தம் அவளுடைய காதுக்குள் கேட்டது. யாரோ காவலாளி அரபியில் கத்துகிற வரைக்கும் அந்தக் கை அங்கேயே இருந்தது.

திங்கட்கிழமை பாஹிமா கூப்பிட்டார். பதிவை முழுதாகக் கேட்டிருந்தார்.

"வேலையால நிப்பாட்டச் செல்லல்ல. ஆனா கட்டார் இனி இல்ல. ஜப்பான்ல ஒரு தளபாடக் கிடங்கு இரிக்கி. ஆக்கள் இல்ல, அலுமாரிதான். ஏலுமா?"

"ஓம்" என்றாள் றுஸ்னா.

பாஹிமா கணினியில் பதிவை மூடினார். "என்ட மனுசன் பதினொரு வருசம் சவூதியில இரிந்தவர். அவருக்கு அங்க சீனி வருத்தம் வந்து மெலிஞ்சது எனக்கு எயார்போட்லதான் தெரியும்." பிறகு, "போய் வேலையப் பாருங்க" என்றார்.

கிடங்கில் வெள்ளியும் மற்ற நாள் மாதிரித்தான் இருந்தது. றுஸ்னா அலுமாரிகளுக்கு நடுவில் ரோபோவை ஓட்டி, இலக்கங்களை வாசித்துக்கொண்டிருந்தாள். ஓரிரு தரம் பழக்கத்தில் கண் கீழ்ப்படத்துக்குப் போனது. வெறும் சிமெந்துத் தரை.

தோஹாவிலேயே நிப்றாஸுக்கு ஒப்பரேசன் முடிந்தது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன்னம் ஊருக்கு அனுப்புவதாகக் கம்பனி சொன்னது, திகதி சொல்லவில்லை. கட்டுக் கழற்றின அன்று பின்னேரம் அவன் போன் எடுத்தான். முகம் வந்தது, நெற்றியும் தாடியும்.

"போனக் கீழ வைங்க மச்சான். நடந்து காட்டுங்க."

அறையில் இருந்தவர்கள் சிரித்தது கேட்டது. அவன் போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டி, கதவுப் பக்கம் நடந்தான். நாலாம் அடியோடு படத்தைவிட்டுப் போய்விட்டான். சுவரும் கொடியில் காயப்போட்ட சேட்டுகளும்தான் தெரிந்தன. செருப்புச் சத்தம் தூரப் போய், நின்று, திரும்பி வந்தது. முதலில் வலது கால் படத்துக்குள் வந்தது, மெதுவாக, ஆனால் தூக்கி வைத்து.

"இவ்வளவும் நடந்தது காணுமா?" என்றான்.

"காணாது" என்றாள் றுஸ்னா. "இன்னொருக்கா நடங்க."