அம்மாவின் காதில் அப்பா சொன்னது

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருத்தன் கப்பலில் இருப்பான். அதனால் கல்யாண வீட்டைப் போலவே சாவு வீட்டிலும் வீடியோ எடுப்பார்கள். வர முடியாதவன் பின்னால் வந்து பார்க்க வேண்டும் அல்லவா. அம்மா இறந்தபோது நான் பிரேசில் பக்கம் நடுக்கடலில் இருந்தேன். அடக்கம் முடிந்து நான்கு மாதம் கழித்துத்தான் தூத்துக்குடி வந்து சேர்ந்தேன். அக்கா ஹில்டா ஒரு பென் டிரைவைக் கையில் தந்தாள்.

"அம்மா மொகம் நல்லாத் தெரியணும்னு, தலமாட்டுலயே கேமராவ வைக்கச் சொன்னேன். தனியா உக்காந்து பாருல ஆன்றோ."

உட்கார்ந்தேன். என் முதல் சம்பளத்தில் வாங்கிய கிழட்டுக் கம்ப்யூட்டர், இந்த வகை ஃபைலைத் திறக்க முடியாது என்று கையை விரித்துவிட்டது. நான்கு மாடி உயர எஞ்சினை ஓட்டுகிறவன், பெற்றவள் முகத்தைப் பார்க்க ஒரு டப்பாவிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. ஃபைல் பெயரின் வாலை வெட்டி எம்பி4 என்று மாற்றிப் பார்த்தேன். லேபிளை மாற்றினால் பாட்டிலுக்குள் இருப்பது மாறிவிடுமா? ஆத்திரத்தில் மானிட்டர் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினேன். அது அதற்கும் அசையவில்லை.

வேறொரு பிளேயரை இறக்கிப் போட்டதும் படம் வந்தது. சத்தம் மட்டும் இல்லை. அம்மா மெலிந்து பாதியாகியிருந்தாள். கையில் ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள். ஊரே வாயைத் திறந்து சத்தமில்லாமல் அழுதது. நானும் அழுதேன்.

பெட்டியை மூடுமுன் ஒவ்வொருவராக நெற்றியில் முத்தம் கொடுத்தார்கள். கடைசியாக அப்பா வந்தார். முத்தம் கொடுத்தவர் நிமிரவில்லை. அம்மாவின் காதருகே குனிந்து பேசிக்கொண்டே இருந்தார். உயிரோடு இருந்தபோது அவளிடம் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசி நான் பார்த்ததில்லை.

முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போனேன்.

"அம்மாகிட்ட என்னப்பா சொன்னிய?"

"என்னத்தையோ சொன்னேன். போயிச் சாப்புடு."

நான் சாப்பிடப் போகவில்லை. அம்மா கடைசியாகப் பேசியது எதையும் நான் கேட்கவில்லை. அவளிடம் கடைசியாகச் சொன்னதையாவது கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது. வீடியோ எடுத்த பேச்சிமுத்துவுக்கு போன் போட்டேன்.

"கேமராவுல இருந்தத அப்படியே காப்பி பண்ணிட்டேன் அண்ணாச்சி. உங்க சிஸ்டத்துல சத்தத்துக்கு உள்ள கோடெக் இருக்காது. லிங்க் அனுப்புதேன், அதப் போடுங்க, பேசும்."

போட்டேன். பேசியது. அழுகையும் ஜெபமும் கலந்து வந்தன. அப்பா குனிந்தார். கேமரா தலைமாட்டிலேயே இருந்ததால், என் காதில் சொல்வதைப் போலவே கேட்டது.

"பிளாரன்ஸு, பயலு மேல வருத்தப்படாத என்னா. அவன் வரத்தான் துடிச்சான். கப்பல்காரன் விடமாட்டேன்னுட்டான். கடைசி வர அவனக் கேட்டுக்கிட்டே கெடந்த, எனக்குத் தெரியும். அவன் மேல தப்பில்லளா. மனச ஆத்திக்கிட்டுப் போ."

கப்பல்காரன் என்னைப் பிடித்து வைக்கவில்லை. அம்மா படுத்துவிட்டாள் என்று அக்கா சொன்னபோது, எனக்குப் பதிலாக ஏற வேண்டியவன் துறைமுகத்தில் தயாராக நின்றான். இன்னும் ஆறு மாதம் இருந்தால் செகண்ட் எஞ்சினியர் ஆகலாம் என்று நான்தான் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தேன். அம்மா அதுவரை தாங்குவாள் என்று நினைத்தேன். வீட்டில் கம்பெனி மேல் பழியைப் போட்டேன். அந்தப் பொய்யை அப்பா நம்பி, அம்மா காதில் சொல்லி, பெட்டியை மூடியிருக்கிறார்.

சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்து என் பின்னால் நின்றார்.

"கேட்டுட்டியால? அவகிட்ட வேற என்ன சொல்லன்னு எனக்குத் தெரியல. சரியாத்தான சொல்லிருக்கேன்?"

திரும்பி அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"சரியாத்தான் சொல்லிருக்கிய."

அப்பா நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவ போடு. அவ மொகத்தப் பாக்கணும்."

"சத்தத்தக் கொறச்சிரவாப்பா?"

"வேண்டாம்ல. சத்தத்தோடயே இருக்கட்டும்," என்றார்.

போட்டேன்.