தேன்சிட்டு இருக்கும் வரை

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெற்ற அன்று விசிலைத் திருப்பிக் கொடுத்தார், தொண்டையைக் கொடுக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டாலும் மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும்படிதான் கேட்பார். பக்கத்தில் நிற்கும் எனக்குக் காது அடைத்துப்போகும்.

கொல்லையில் துணிக்கொடியின் ஓரத்தில் ஒரு தேன்சிட்டு சின்னப் பை மாதிரி கூடு கட்டியது. அன்றோடு மனிதர் மாறிப்போனார். பரணிலிருந்து பழைய பைனாகுலரை இறக்கி, சமையலறை ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சட்டமும் போட்டார்: கூட்டுப்பக்கம் யாரும் போகக்கூடாது, கொல்லைக்கதவைத் திறக்கக்கூடாது, சத்தம் வரவே கூடாது.

“ஏம்மா, கொஞ்சம் தண்ணி தர்றியா?” என்று கிசுகிசுத்தார். வேறு யாராவது வந்துவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். நான் பிள்ளை பெற்று வந்த நாட்களில்கூட இந்த வீட்டில் அப்படி ஒரு குரல் கேட்டதில்லை. ஈரத்துணியெல்லாம் கூடத்து நாற்காலிகளில் காய்ந்தது; காயட்டும் என்று விட்டுவிட்டேன். சாயங்காலங்களில் ஜன்னலோரம் இருவரும் தலையோடு தலை வைத்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவர்மேல் எனக்கு ஆசையே வந்துவிட்டது.

குஞ்சுகள் வளர வளர, இவை பறந்துபோனால் பழைய தொண்டை திரும்பிவிடுமே என்று எனக்குத்தான் கவலை. ஒருநாள் காலை அவர் குளிக்கப் போன நேரம், குஞ்சுகள் கொடிக்குத் தாவின, பிறகு மதிலுக்கு, பிறகு காணோம். தாயும் பின்னாலேயே போய்விட்டது. குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. இனி துண்டு எங்கே என்பது தெருவுக்கே கேட்கும்.

கொல்லைக்கதவைத் திறந்து ஓடினேன். கொண்டையிலிருந்த கறுப்பு ஊசியைப் பிடுங்கி, நுனியைச் சிட்டின் மூக்கு போல வளைத்து, கூட்டின் வாசலில் செருகினேன். திரும்பி வந்து ஒன்றும் தெரியாதவள் போல வெங்காயம் நறுக்கினேன்.

அவர் வந்து பைனாகுலரைத் தூக்கினார்.

“குஞ்சுங்களக் காணோமே!” குரல் ஏறியது. சட்டென்று இறங்கியது. “அடடே, மறுபடியும் அடை உக்காந்திருக்கு!”

“அப்படியா?” என்றேன். வெங்காயத்தின் புண்ணியத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடிந்தது.

நேற்று மழையும் காற்றுமாக அடித்து ஓய்ந்தது. அவர் என்னை ஜன்னலுக்குக் கூப்பிட்டார்.

“எவ்வளவு பொறுமை பாரு. அவ்வளவு காத்துக்கும் அசையல. வாயத் திறந்து ஒரு சத்தம் கிடையாது. பொம்பளைன்னா இப்படி இருக்கணும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊசியில்லாமல் அவிழ்ந்த கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டேன்.

“மெதுவா பேசுங்க,” என்றேன். “பறந்துடப் போகுது.”